பாரிஸில் ஒரு செமஸ்டர்: ஹோம்ஸ்டேயா, ஹாஸ்டலா, ரூம்மேட்டுகளோடு ஃப்ளாட்டா?

அமெரிக்கக் கல்லூரிப் பிள்ளைகள் மூன்றாம் ஆண்டில் ஒரு செமஸ்டரையோ முழு வருடத்தையோ வெளிநாட்டில் படிப்பது நூறு வருடப் பழக்கம். 1923-இல் டெலவேர் பல்கலைக்கழகம் 8 மாணவர்களைக் கப்பலேற்றி பிரான்ஸுக்கு அனுப்பியதில் அது தொடங்கியது. இன்றைக்கு எந்தப் பாடம் எடுப்பது, அங்கே எடுத்த கிரெடிட் சொந்தக் கல்லூரிக் கணக்கில் சேருமா, எந்த வெளிநாட்டுப் படிப்புத் திட்டத்தில் சேர்வது என்று வீட்டில் மாதக்கணக்கில் பேசுகிறார்கள். தங்குமிடம் பற்றிய கேள்வி விண்ணப்பத்தின் கடைசியில் வருகிறது. அதற்கு அவசரமாக ஒரு டிக் அடித்து அனுப்பிவிடுகிறார்கள்.

நான் பாரிஸில் குடியிருப்பவள். நியூ ஜெர்சி, டெக்சாஸ் பக்கம் இருக்கும் உறவினர்களின் பிள்ளைகள் இங்கே படிக்க வரும்போது முதல் போன் எனக்குத்தான் வரும். பார்த்த வரையில் சொல்கிறேன்: அந்தக் கடைசி டிக்தான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. எவ்வளவு பிரெஞ்சு வாயில் வரும், ராத்திரி என்ன சாப்பாடு, எத்தனை மணிக்கு வீடு திரும்பலாம், ஞாயிற்றுக்கிழமை யாரோடு கழியும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. பாரிஸில் இருக்கும் வழிகள் மூன்று: பிரெஞ்சுக் குடும்பத்தோடு ஹோம்ஸ்டே, மாணவர் விடுதி, ரூம்மேட்டுகளோடு வாடகை ஃப்ளாட்.

ஹோம்ஸ்டேயைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைப் பற்றித்தான் பிள்ளைகளுக்குப் பயம் அதிகம். குடும்பம் என்றவுடன் அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள், ஒரு நாய் என்று கற்பனை செய்துகொள்கிறார்கள். அப்படியும் அமையலாம். ஆனால் 15, 16, 17-ஆம் வட்டாரங்களில் (பாரிஸை எண்ணிட்ட இருபது வட்டாரங்களாகப் பிரித்திருக்கிறார்கள்), பிள்ளைகள் கல்யாணமாகிப் போய்விட்ட பெரிய வீட்டில் தனியாக இருக்கும் அறுபது, எழுபது வயது அம்மாள் ஒருவர் அறை கொடுப்பதும் சகஜம். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் ஏமாற்றம் இருக்காது. என்னைக் கேட்டால், அந்த வயதான மதாம்தான் மாணவருக்குக் கிடைக்கும் நல்ல ஆசிரியர். அவருக்குப் பேச நேரம் இருக்கிறது, திருத்தப் பொறுமை இருக்கிறது.

என் அக்கா மகள் இப்படி ஒரு வீட்டில்தான் தங்கினாள். வந்த முதல் வாரத்திலேயே போன். "சித்தி, நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா? மதாம் காலையிலிருந்து சரியாவே பேசல." விசாரித்ததில் விஷயம் குளியலறையில் இருந்தது. இங்கே பல பழைய ஃப்ளாட்டுகளில் வெந்நீர் ஒரு மின்சாரத் தொட்டியிலிருந்து வருகிறது. ராத்திரி மின் கட்டணம் குறையும் நேரத்தில் அது சூடாகும். காலையில் தீர்ந்துவிட்டால் மறுபடி ராத்திரிதான். அமெரிக்க வீட்டில் குழாயைத் திறந்தால் வெந்நீர் வந்துகொண்டே இருக்கும் என்று வளர்ந்த பெண், நிதானமாகத் தலைக்குக் குளித்துவிட்டு வந்திருக்கிறாள். அடுத்துக் குளிக்கப் போன மதாமுக்குப் பச்சைத் தண்ணீர். "குளிக்கக்கூடவா சித்தி நேரம் பாக்கணும்?" என்றாள். பார்க்கத்தான் வேண்டும். போய் நேரில் மன்னிப்புக் கேள் என்றேன். கேட்டாள். மதாம் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், அலமாரிக்குள் இருந்த தொட்டியைக் காட்டி, அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினாராம். வகுப்பில் கற்றுத் தராத பத்துப் பதினைந்து பிரெஞ்சுச் சொற்கள் அன்றைக்கு அந்த அலமாரி வாசலிலேயே அவளுக்குக் கிடைத்தன.

ஹோம்ஸ்டேயின் பலம் இதுதான். சின்னச் சின்ன உரசலும் பேச்சாக மாறுகிறது. அதிலும் ராத்திரிச் சாப்பாடு முக்கியம். காலை உணவும் வாரத்தில் சில இரவுச் சாப்பாடுகளும் கட்டணத்தில் சேர்ந்திருக்கும். எத்தனை என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். எட்டு மணி வாக்கில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒன்பதரை ஆகலாம். முதலில் ஒரு சாலட், அப்புறம் முக்கிய உணவு, அப்புறம் சீஸ், கடைசியில் பழமோ தயிரோ. இடையில் பேச்சு நிற்பதே இல்லை: அன்றைய வேலைநிறுத்தம், பக்கத்து வீட்டு வழக்கு, அமெரிக்கத் தேர்தல், எதையும் விடமாட்டார்கள். அபிப்பிராயம் கேட்பார்கள். பிள்ளை "எனக்குத் தெரியாது" என்று ஒதுங்கினால் விடமாட்டார்கள், "ஏன் தெரியாது?" என்பார்கள். முதல் மாதம் தலைவலிக்கும். மூன்றாவது மாதம் அதே பிள்ளை மேஜையில் எதிர்வாதம் செய்துகொண்டிருக்கும்.

பின்னாளில் அமெரிக்க அதிபரின் மனைவியான ஜாக்குலின் கென்னடி கல்லூரி மாணவியாக 1949-இல் இங்கே ஒரு வருடம் படிக்க வந்தபோது, ஸ்மித் கல்லூரித் திட்டத்தின் வழியாக வந்து 16-ஆம் வட்டாரத்தில் அவென்யூ மோசாரில் ஒரு குடும்பத்தோடுதான் தங்கினார். போர் முடிந்து நாலு வருடம்தான் ஆகியிருந்தது. அந்த வீட்டு அம்மாள் நாஜிகளின் ராவன்ஸ்ப்ரூக் முகாமிலிருந்து உயிரோடு திரும்பியவர், கணவர் திரும்பவில்லை. எந்தப் பல்கலைக்கழகமும் பாடத்திட்டத்தில் வைக்க முடியாத ஒரு பிரான்ஸ், அந்தச் சாப்பாட்டு மேஜையில் ஜாக்குலின் எதிரே உட்கார்ந்திருந்தது.

குறைகளும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. நண்பர்களை அறைக்குக் கூட்டி வர முடியாது, அல்லது கேட்டுத்தான் கூட்டி வர வேண்டும். சமையலறையை எப்போது பயன்படுத்தலாம் என்று வரம்பு இருக்கும். வாராவாரம் வாஷிங் மெஷின் ஒரு முறைதான் என்பார்கள். டிரையர் இருக்காது, கம்பிக் கொடியில்தான் காயப்போட வேண்டும். சைவப் பிள்ளைகள் விண்ணப்பத்திலேயே "மீனும் சாப்பிடமாட்டேன்" என்று தெளிவாக எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் இறைச்சி இல்லை என்று மீனை வைத்துவிடுவார்கள். சில குடும்பங்கள் அறை வாடகைக்காக மட்டும் இதைச் செய்கின்றன. ஒரு தட்டைக் கொடுத்துவிட்டு டிவி பார்க்கப் போய்விடுவார்கள். அப்படி அமைந்தால் தயங்காமல் திட்ட அலுவலகத்தில் சொல்லி வீடு மாற்றிக் கேட்க வேண்டும். மாற்றித் தருவார்கள்.

விடுதி பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். நகரத்தின் தென்கோடியில், 14-ஆம் வட்டாரத்தில் இருக்கும் சித்தே இன்டர்நாசியோனால் ஒரு மாணவர் ஊரே. 1925-இல் முதல் கட்டடம் திறந்தார்கள். இன்று 34 ஹெக்டேரில் 40-க்கும் மேற்பட்ட இல்லங்கள் இருக்கின்றன. அமெரிக்க இல்லம் 1930-இல் வந்தது; நம்மவர்களுக்கு இந்திய இல்லமும் அங்கே உண்டு. எல்லா இல்லங்களும் பிற நாட்டு மாணவர்களையும் சேர்த்துக்கொள்கின்றன. அதனால் அமெரிக்க இல்லத்தில் எல்லோரும் அமெரிக்கர் இல்லை. எதிரே மோன்சூரி பூங்கா, வாசலில் ரயில். இடம் கிடைத்தால் அருமை. ஆனால் பெரும்பாலான அறைகள் முதுகலை, ஆராய்ச்சி மாணவர்களுக்குப் போகின்றன. ஒரு செமஸ்டருக்கு வரும் இருபது வயதுப் பிள்ளைக்குக் கிடைப்பது வேறு தனியார் விடுதிதான். அங்கே அடுத்த அறையிலும் எதிர் அறையிலும் அதே திட்டத்தில் வந்த அமெரிக்கப் பிள்ளைகள்.

எனக்கு விடுதி மேல் இருக்கும் மனத்தாங்கல் அதுதான். பாதுகாப்பு, ஸ்டடி ரூம், துணைக்கு ஆட்கள் எல்லாம் சரி. ஆனால் காலையில் ஆங்கிலத்தில் எழுந்து, ஆங்கிலத்தில் வகுப்புக்குப் போய், ராத்திரி ஆங்கிலத்தில் பாஸ்தா சமைத்துத் தூங்கினால், அதற்கு அட்லாண்டிக்கைத் தாண்டியிருக்க வேண்டாம். வகுப்புகளும் பல திட்டங்களில் அமெரிக்க மையங்களிலேயே நடக்கின்றன. மோன்பர்னாஸ் பக்கம் இருக்கும், 1964 முதல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கும் ரீட் ஹால் அழகான இடம், நல்ல நூலகம், முற்றத்தில் மரங்கள். பகலில் அங்கே, ராத்திரி அமெரிக்க விடுதியில் என்றால் பிரெஞ்சு பேச மிச்சமிருப்பது ரொட்டிக் கடைக்காரர் ஒருவர்தான். பிரெஞ்சு ஒரு வார்த்தைகூடத் தெரியாமல் ஆங்கில வழிப் படிப்புக்காக வருபவர்களுக்கும், வீட்டைப் பிரிந்ததில் மனம் தளர்ந்துபோகிறவர்களுக்கும் விடுதிதான் சரி. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஃப்ளாட் என்பது பிள்ளைகளின் கனவு. 10, 11, 18, 20-ஆம் வட்டாரங்களில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து, சமையல், நண்பர்கள், விரும்பிய நேரத்துக்கு வரப்போக. கனவில் தவறில்லை, காகிதத்தில்தான் சிக்கல். வீட்டுக்காரர் பிரான்ஸில் சம்பளம் வாங்கும் ஒருவரின் ஜாமீன் கேட்பார். அவருடைய வருமானம் வாடகையைப் போல மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்பார். கலிஃபோர்னியாவில் இருக்கும் அப்பாவின் சம்பளச் சீட்டை ஏற்க மாட்டார். இதற்கு 30 வயது வரையுள்ளவர்களுக்கு விசால் என்ற இலவச ஜாமீன் திட்டம் இருக்கிறது. மாணவர் விசா வந்தவுடன் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். 2018-இல் வந்த சட்டப்படி, 1 முதல் 10 மாதத்துக்கு மாணவர்கள், வேலைப் பயிற்சிக்கு வருபவர்கள் போன்றோருக்கென்று ஒரு குறுகிய கால ஒப்பந்தமும் உண்டு. அதில் அட்வான்ஸ் வாங்கக்கூடாது. சாதாரண ஃபர்னிஷ்டு ஒப்பந்தத்தில் 2 மாத வாடகை வரை அட்வான்ஸ் கேட்கலாம். வீட்டு இன்சூரன்ஸ் கட்டாயம். வாடகை, பகிர்ந்த வீட்டில் ஓர் அறைக்கு 700 முதல் 1,000 யூரோ வரை சாதாரணமாகக் கேட்கிறார்கள். நேரில் பார்க்காமல் யாருக்கும் பணம் அனுப்பக் கூடாது. அமெரிக்காவிலிருந்தே போட்டோ பார்த்துப் பணம் கட்டிவிட்டு, வந்து பார்த்தால் அப்படி ஒரு வீடே இல்லை என்று கண்ணீரோடு நின்ற பிள்ளையை நான் ரயில் நிலையத்திலிருந்து கூட்டி வந்திருக்கிறேன்.

பழைய கட்டடங்களின் உச்சி மாடியில், அந்தக் காலத்தில் வேலைக்காரப் பெண்களுக்காகக் கட்டிய குட்டி அறைகளும் மலிவாக வாடகைக்கு வரும். ஆறாவது மாடி, பின்பக்கப் படி, லிஃப்ட் கிடையாது. சில இடங்களில் கழிப்பறை வெளியே, மாடி முழுக்கப் பொது. வாடகைக்கு விட 9 சதுர மீட்டராவது இருக்க வேண்டும் என்பது விதி; டேப் வைத்து அளந்து பார்ப்பது நல்லது. ஜன்னலைத் திறந்தால் கூரைகள் தெரியும், அது உண்மைதான். ஆனால் ஒரு செமஸ்டர் முழுக்கத் தனியாக அங்கே இருப்பதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஃப்ளாட்டில் மொழி பிழைக்குமா என்பது ரூம்மேட் யார் என்பதைப் பொறுத்தது. பிரெஞ்சுப் பிள்ளைகளோடு சேர்ந்தால், ஹோம்ஸ்டேயில் கிடைக்காத இளைஞர் பேச்சு, கொச்சை, கிண்டல் எல்லாம் வரும். இரண்டு அமெரிக்கர்கள் சேர்ந்து வீடு எடுத்தால் அது இன்னொரு விடுதி, சமையல் வேலை மட்டும் கூடுதல்.

ராத்திரி விஷயத்தில் மூன்றுக்கும் வித்தியாசம் பெரிது. மெட்ரோ வார நாட்களில் 1:15 வாக்கில் நின்றுவிடும், வெள்ளி, சனி இரவுகளில் 2:15 வரை. 16-ஆம் வட்டாரத்தில் மதாம் வீட்டுக்குக் கடைசி வண்டியைப் பிடித்தே ஆக வேண்டும். வாசலில் பூட்டைத் திறக்கும் சத்தம்கூடக் கேட்காமல் நுழையவும் வேண்டும். 11-ஆம் வட்டாரத்தில் ஃப்ளாட் என்றால் நடந்தே வந்துவிடலாம். மதியச் சாப்பாட்டுக்கு இந்த வித்தியாசம் இல்லை. பிரெஞ்சுப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்த எந்த மாணவரும் அரசு மாணவர் உணவகத்துக்குப் போகலாம். முழுச் சாப்பாடு 2019 முதல் பல வருடங்கள் 3.30 யூரோவாகத்தான் இருந்தது. பாரிஸில் ஒரு சாண்ட்விச் அதைவிட அதிகம். நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சாம்பார் ஏக்கம் வந்தால் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் லா ஷப்பெல் பகுதி இருக்கிறது. ஈழத்தமிழர் கடைகளில் கறிவேப்பிலை முதல் இடியாப்ப மாவு வரை கிடைக்கும். சித்தே விடுதியில் இருந்தால் ரயில் மாறாமல் வந்துவிடலாம்.

என் தேர்வு இது. ஒரு செமஸ்டர் மட்டும் என்றால் ஹோம்ஸ்டே, யோசிக்கவே வேண்டாம். நாலு மாதத்தில் ஃப்ளாட் தேடவே ஒரு மாதம் போய்விடும். முழு வருடம் என்றால் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை குடும்பத்தோடு இருந்துவிட்டு, ஜனவரியில் பிரெஞ்சு ரூம்மேட்டுகளோடு ஃப்ளாட்டுக்கு மாறலாம். அதற்குள் வீட்டுக்காரரிடம் போனில் பேசும் அளவு பிரெஞ்சு வந்திருக்கும். ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல மதாமும் இருப்பார்.

விண்ணப்பம் நிரப்பும்போது நாலு விஷயம் கேட்டு எழுதுங்கள். அந்த வீட்டில் வேறு ஆங்கிலம் பேசும் மாணவர் வேண்டாம் என்று குறிப்பிடுங்கள். வாரத்துக்கு எத்தனை இரவுச் சாப்பாடு என்று கேளுங்கள், அதுவும் சேர்ந்து உட்கார்ந்தா, தனியாகவா என்று கேளுங்கள். வகுப்பு நடக்கும் இடத்துக்கு எத்தனை முறை மெட்ரோ மாற வேண்டும் என்று பாருங்கள். குடும்பம் பிடிக்காவிட்டால் எந்தத் தேதிக்குள் மாற்றிக் கேட்கலாம் என்பதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.