பழைய லட்விக் ஸ்நேரின் பி-85 ஸ்ட்ரெய்னர்: மாற்றும் முன் கழற்றிப் பாருங்கள்

லீவரைப் போட்டாலும் அடித்தோலில் கம்பி ஒட்டவில்லை, தட்டாமலே சைடு டிரம் (ஸ்நேர்) இரைகிறது என்றால் முதல் பழி ஸ்ட்ரெய்னர் மேல், அதாவது அந்தக் கம்பிகளை இழுத்துப் பிடித்து விடுவிக்கும் பாகத்தின் மேல்தான் விழும். லட்விக் கம்பெனியின் சுப்ராஃபோனிக் எல்எம்400 ஸ்நேரில் எழுபதுகளிலிருந்து வரும் பி-85 விஷயத்தில் இந்தப் பழி பெரும்பாலும் நியாயமில்லாதது. எளிமையான பாகம் இது. பல பத்தாண்டுகள் தாண்டியும் உழைக்கும், பழுதானாலும் வீட்டு மேசையில் வைத்தே சரிசெய்யலாம். ஐந்துக்கு நான்கு தரலாம். குறைத்த ஒன்று அதன் நாபுக்காக, அதாவது இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு குமிழுக்காக.

துத்தநாகக் கலவையில் வார்த்த உடல். ஷெல்லின் (டிரம்மின் உருளைக் கூட்டின்) உள்ளிருந்து வரும் திருகுகள் அதைப் பிடித்திருக்கும். உடலோடு ஒட்டி மேலும் கீழும் நகரும் ஒரு துண்டு, அதில் திருகு வைத்த சிறிய கிளாம்பு தட்டு. ஸ்நேர் கம்பியின் கயிறோ பிளாஸ்டிக் பட்டையோ இந்தத் தட்டில்தான் மாட்டும். லீவரை நிமிர்த்தினால் துண்டு ஏறி, கயிற்றை ஷெல்லின் அடி விளிம்பைச் சுற்றி இழுக்கும். கம்பி கீழ் ஹெட்டோடு, அதாவது அடித்தோலோடு ஒட்டும். லீவரைச் சாய்த்தால் கம்பி தொங்கும், டிரம் டாம் போல ஒலிக்கும். எவ்வளவு இழுவை என்பதை நாப் தீர்மானிக்கிறது. எதிர்ப்பக்கத்து பட் பிளேட்டில் நகர்வது எதுவுமில்லை. கயிற்றைப் பிடித்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை.

ஒரு பக்கம் மட்டுமே இழுப்பதுதான் இதன் பலமும் பலவீனமும். அறுபதுகளின் லட்விக் டிரம்களில் இருக்கும் பி-83 ஸ்ட்ரெய்னரும் இப்படித்தான். ரோஜர்ஸ் கம்பெனியின் டைனா-சோனிக் ஸ்நேர் வேறு வழியில் போனது: கம்பிகளை ஒரு சட்டத்தில் கட்டிவிட்டார்கள், இழுவையைச் சட்டமே தாங்கும். கம்பியின் இறுக்கத்தையும் ஹெட்டின் மேல் அது அழுத்தும் அளவையும் தனித்தனியாக வைக்கலாம். லட்விக்கின் இன்னொரு ஸ்நேரான சூப்பர்-சென்சிட்டிவில் இரண்டு பக்கமும் ஒருசேர ஏறி இறங்கும். கம்பிகள் ஹெட்டின் விளிம்பைத் தாண்டி நீண்டிருப்பதால் தரையில் வைத்தால் வளையும் ஆபத்து உண்டு. மெல்லிய அடிக்கு சூப்பர்-சென்சிட்டிவ் ஒரு படி மேல்தான். ஞாயிறு ஆராதனைக்கும் கல்யாண மேடைக்கும் வேனில் ஏற்றி இறக்கும் டிரம்முக்கு பி-85 போதும், அதுவே நல்லது.

இனி மாட்டும் முறை. பாதிக் குறைகள் இங்கேதான் பிறக்கின்றன. கீழ் ஹெட் 3 மில் (அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று பங்கு), அதாவது சுமார் 0.075 மில்லிமீட்டர் தடிமனில், ஸ்நேர் சைடு என்று போட்டு வருவதாக இருக்க வேண்டும். மேல் ஹெட்டை அங்கே போட்டால் எந்த ஸ்ட்ரெய்னராலும் காப்பாற்ற முடியாது. விளிம்பில் கம்பி படியும் இடத்தில் இரண்டு பக்கமும் லேசான பள்ளம் இருக்கும். அதற்கு நேராக ஹூப்பின் (ஹெட்டை அழுத்திப் பிடிக்கும் வளையத்தின்) திறப்பு வரும்படி வைத்து, அதை இறுக்கும் நீளத் திருகுகளான டென்ஷன் ராடுகளை எதிரெதிராக முறுக்குங்கள். நாபைப் பாதி வழியில் நிறுத்தி, லீவரைப் போட்ட நிலையில் வையுங்கள். முதலில் பட் பிளேட் பக்கம் கட்டுங்கள். கம்பியின் இரு முனைத் தகடுகளும் விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில் நிற்கட்டும். தகடு விளிம்பின் மேல் ஏறவே கூடாது. ஸ்ட்ரெய்னர் பக்கத்துக் கயிறுகள் இரண்டையும் ஒரே அளவு இழுத்து, தொய்வு போனதும் நிறுத்தி, தட்டின் திருகுகளை மாற்றி மாற்றி இறுக்குங்கள். கையால் முழு இழுவையையும் கொடுத்துவிட்டால் நாபுக்கு வேலை இருக்காது, லீவரும் திணறும்.

அடுத்து டிரம்மைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். 20 கம்பிகளும் ஒரே தட்டையாகப் படிந்திருக்க வேண்டும். ஒரு ஓரம் மட்டும் எழும்பி நின்றால் அந்தப் பக்கத்துக் கயிறு நீளம். இடையில் ஒன்றிரண்டு கம்பி மட்டும் அலைபோல் நெளிந்திருந்தால் நிமிர்த்த முயலாதீர்கள், திரும்ப நெளியும். இரு முனையிலும் ஒட்டத் தறித்து எடுத்துவிடுங்கள், ஒலியில் பெரிய வித்தியாசம் தெரியாது. பிறகு ஹெட்டின் நடுவில் மெதுவாகத் தட்டிக்கொண்டே நாபைக் கால் சுற்று கால் சுற்றாக ஏற்றி, இரைச்சல் அடங்கித் தட்டு தெளியும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் குரல்வளையை நெரித்த மாதிரி ஒலி குறுகும். கீ போர்டிலோ பேஸ் கிட்டாரிலோ ஒரு குறிப்பிட்ட சுரம் வரும்போது மட்டும் கம்பி அதிர்ந்தால் அது பழுதல்ல. பாட்டுகளுக்கு நடுவே லீவரைச் சாய்த்து வைப்பதுதான் வழி.

நாபின் குறை இதுதான்: திருகு இழை தேய்ந்த பழைய பி-85-இல் வாசிப்பின் அதிர்வுக்கு நாப் தானாகத் தளரும். நாலு பாட்டு முடிவதற்குள் கம்பி தொய்ந்திருக்கும். நாபுக்கு அடியில் இறுக்கமான ஒரு ரப்பர் ஓ-ரிங் போட்டாலோ, இழையில் பிளம்பர் டெஃப்ளான் டேப் ஒரு சுற்று சுற்றினாலோ பெரும்பாலும் நின்றுவிடும். ஃபெவிக்விக் வேண்டவே வேண்டாம், பிறகு நாபைத் திருப்பும்போது வார்ப்பே பெயரும். லீவர் கரகரத்தால் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் தூசியைச் சேர்த்துப் பிசினாகிவிடும்.

ஏற்காட்டுக்கு டிரம்மை எடுத்துப் போகிறவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது ஈரம். சுமார் 1500 மீட்டர் உயரத்தில் மூடுபனிக்குள் வாசித்துவிட்டு அப்படியே பையில் போட்டு மூடினால் கம்பிகளின் பற்றாசில் முதலில் துரு தெரியும். அலுமினிய ஷெல்லின் மேல் பூசிய குரோம் புள்ளி புள்ளியாகப் பொரிவது சுப்ராஃபோனிக்கின் பிறவிக் குணம், ஈரம் அதை வேகப்படுத்தும். உலர்ந்த துணியால் துடைத்து, காற்றாட விட்டு, பிறகு மூடுங்கள். பொரிந்த இடத்தைக் கம்பி நாரால் தேய்ப்பது இருக்கிற குரோமையும் உரித்துவிடும். கயிறு பருத்தி நாடாவாக இருந்தால் நைலான் கயிற்றுக்கு மாற்றிவிடலாம். புது நைலான் கொஞ்சம் நீளும். இரண்டொரு வாசிப்புக்குப் பிறகு அவிழ்த்து மறுபடி இழுத்துக் கட்டுங்கள்.

திருகு தொலைந்தால் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கிடைக்கும் ஏதோ ஒன்றை முடுக்கிப் பார்க்கும் ஆசை வரும். லட்விக்கின் டென்ஷன் ராட் 12-24 அங்குல இழை, விட்டம் ஏறக்குறைய 5.5 மில்லிமீட்டர். மெட்ரிக் எம்5 உள்ளே ஆடும், எம்6 நுழையாது. வலிய ஏற்றினால், ராட் ஏறும் லக்கின் இழை போய்விடும். ஸ்ட்ரெய்னரின் சின்னத் திருகுகளும் அங்குலக் கணக்குதான். பழையதை மாதிரிக்கு எடுத்துப் போய், அங்குல இழை வெட்டும் டை வைத்திருக்கும் லேத் பட்டறையில் வெட்டிக் கொள்வது பாதுகாப்பு.

உடல் வார்ப்பிலேயே விரிசல் விட்டிருந்தால் மட்டும் புதிது வாங்குங்கள். துத்தநாக வார்ப்பு வெல்டிங்குக்குச் சரிப்படாது. பி-85-ஐ லட்விக் இன்றும் உதிரியாக விற்கிறது. வெளியிலிருந்து வரவழைத்தால் சுங்கமும் சேரும். வேறு கம்பெனி ஸ்ட்ரெய்னர் மலிவாகக் கிடைக்கிறதென்று ஷெல்லில் புதுத் துளை போடாதீர்கள். பழைய டிரம்மின் மறுவிற்பனை மதிப்பு அந்தத் துளை வழியாகத்தான் இறங்கும். வாங்கும் முன் இரண்டு துளைகளின் மையத்துக்கு மையம் அளந்து விற்பவரிடம் சொல்லுங்கள். பட் பிளேட் நன்றாக இருந்தால் அதை அப்படியே விட்டுவிடலாம்.