பைலட்டா, ஏடிசியா?

புதுச்சேரி லாஸ்பேட்டை ஏர்போர்ட் பக்கம் வளரும் பிள்ளைகளுக்கு வரும் குழப்பம்: விமானம் ஓட்டும் பைலட் ஆவதா, டவரில் இருந்து விமானங்களுக்கு வழி சொல்லும் ஏடிசி (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்) ஆவதா? இறங்க வந்த விமானம் இறங்காமல் மறுபடி மேலேறும் 'கோ-அரவுண்ட்' நேரத்தை வைத்தே பார்த்துவிடலாம்.

முடிவு
பைலட்: யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், ஓடுபாதை சரியாகத் தெரியவில்லை என்றாலே மேலேறலாம்.
ஏடிசி: பாதையில் வேறு விமானமோ நாயோ நின்றால் மேலேறச் சொல்வார்.

வேலை
பைலட்: முதலில் பவர், மூக்கைத் தூக்குவது, இறக்கையில் நீட்டியிருக்கும் ஃபிளாப்பைக் குறைப்பது, அப்புறம் சக்கரத்தை மடக்குவது, ரேடியோவில் பேச்சு கடைசியில்தான்.
ஏடிசி: பேச்சேதான் வேலை, ஆனால் அந்த நொடியில் தொணதொணக்காமல், உயரமும் திசையும் சொல்லி, மற்ற விமானங்களையும் விலக்கி வைக்க வேண்டும். இதுதான் கஷ்டம் என்பேன்.

செலவு
பைலட்: உரிமத்துக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும், பல லட்சம் போகும்.
ஏடிசி: இயற்பியல், கணிதத்தோடு பி.எஸ்சி அல்லது இன்ஜினியரிங், அப்புறம் தேர்வு.

கடன் வாங்கியாவது பறந்தே தீரணும் என்றால் காக்பிட். நாலு விமானத்தை ஒரே நேரத்தில் மனசில் வைத்திருக்க முடியும் என்றால் டவர்.