ரெகோமோடுலின் ஊசிமருந்து: தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து ஒரு மதிப்புரை

ரத்தக்குழாய்களுக்குள் பரவலாக ரத்தம் உறையும் கோளாறுக்காக ஜப்பானில் 2008ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த ரெகோமோடுலின் ஊசிமருந்தைப் பற்றி, சிங்கப்பூர் மருத்துவமனை ஒன்றில் மருந்தாளராகப் பணியாற்றும் நான் எழுதக் காரணம் உண்டு. நோயாளிகளின் உறவினர்கள் இணையத்தில் அதன் பெயரைப் பார்த்துவிட்டு, "இந்த ஊசியைப் போட்டால் அப்பா பிழைத்துக்கொள்வாரா?" என்று தமிழிலேயே கேட்கிறார்கள். அவர்களுக்குத் தெளிவான பதில் தேவை.

கடுமையான தொற்றால் உயிருக்கு ஆபத்து நேரும் செப்டிக் ஷாக் நிலையில் கிருமித்தொற்று ரத்த அழுத்தத்தை வீழ்த்துவதோடு நிற்பதில்லை. நுண்ணிய ரத்தக்குழாய்களுக்குள் ஆங்காங்கே ரத்தம் உறைந்து, சிறுநீரகத்துக்கும் நுரையீரலுக்கும் போக வேண்டிய ஓட்டத்தை அடைக்கிறது. அப்படி உறைவதிலேயே தட்டணுக்களும் உறைவுக் காரணிகளும் தீர்ந்துபோவதால், அதே நோயாளிக்கு ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்காமல் கசிகிறது. விரல்நுனிகள் கருநீலமாகிக் கிடக்க, கழுத்தில் செருகிய குழாயைச் சுற்றி நனைந்துபோன கட்டைத் தாதி மீண்டும் மீண்டும் மாற்ற வேண்டியிருக்கும்.

ரத்தக்குழாயின் உட்சுவரில் இயல்பாகவே இருக்கும் த்ராம்போமோடுலின் என்ற புரதத்தை ஒட்டி உருவாக்கப்பட்டது இம்மருந்து. உறையச் செய்யும் த்ராம்பினைப் பிடித்து, அதைக் கொண்டே உறைவைத் தடுக்கும் புரோட்டீன் சியை முடுக்கிவிடுகிறது. த்ராம்பின் மிகுந்த இடத்தில்தான் வேலை செய்யும் என்பதால், ரத்தப்போக்கு ஆபத்து குறைவாக இருக்கும் என்ற எதிர்பார்ப்பும் இருந்தது. செயல்முறையை மட்டும் பார்த்தால், இதைவிடப் பொருத்தமான மருந்தை எண்ணிப் பார்ப்பது கடினம்.

ஆனால் கடுமையான கிருமித்தொற்றோடு உறைவுக் கோளாறும் உள்ளவர்களிடம் இம்மருந்தைச் சோதித்து, 26 நாடுகளில் நடந்து 2019இல் வெளியான ஸ்கார்லெட் ஆய்வு அந்த நம்பிக்கையை மெய்ப்பிக்கவில்லை. கிலோ எடைக்கு 0.06 மில்லிகிராம் வீதம், நாளுக்கு ஒருமுறை, 6 நாள் மருந்து பெற்றவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 26.8 விழுக்காடு, வெற்று மருந்து பெற்றவர்களில் 29.4 விழுக்காடு. கணக்கிடப்பட்ட 800 பேரில் இந்த வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம். கடுமையான ரத்தப்போக்கோ வெற்று மருந்து பெற்றவர்களில் 4.0 விழுக்காடாகவும், இம்மருந்து பெற்றவர்களில் 5.8 விழுக்காடாகவும் இருந்தது.

அந்த ஆய்வில் என்னை மிகவும் யோசிக்க வைப்பது வேறொன்று. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு 1.4க்கு மேல் இருப்பவர்களையும் தட்டணு குறைந்தவர்களையும் தேடிச் சேர்த்தும், முதல் ஊசி போடும் நேரத்துக்குள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினருக்கு அந்த உறைவுக் கோளாறு நீங்கிவிட்டிருந்தது. கோளாறு நீடித்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது பலன் கூடுதலாகத் தெரிந்தது உண்மைதான். எனினும், முடிவு வந்த பிறகு பிரித்துப் பார்த்த கணக்கை நம்பி ஒரு மருந்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். இதே புரோட்டீன் சி வழியில் வந்த சைக்ரிஸ் மருந்து, 2001இல் ஒரே பெரிய ஆய்வின் வலுவில் அமெரிக்காவில் அனுமதி பெற்று, மறு ஆய்வில் பலன் காட்டாததால் 2011இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டதை மறந்துவிடக் கூடாது.

ஆகவே, உரிய நேரத்தில் ஆன்டிபயாட்டிக், ஏற்றவேண்டிய திரவம், ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் நோரட்ரினலின் ஆகியவை கிடைக்கும்போது, இந்த ஊசி இல்லையே என்று எந்தக் குடும்பமும் ஏங்க வேண்டியதில்லை. இத்தகைய மருந்தின் ஆய்வில் சேர்க்க உங்களிடம் சம்மதம் கேட்டால், தமிழில் விளக்கச் சொல்லுங்கள். உறைவுப் பரிசோதனை கடைசியாக எப்போது எடுக்கப்பட்டது, மருந்து ஏற்றும் முன் மறுபடி எடுப்பார்களா, ரத்தப்போக்கு ஏற்பட்டால் யார் எப்படி நிறுத்துவார்கள் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பின் கையொப்பமிடுங்கள்.