பழைய பெட்ரோல் எஞ்சினுக்கு எல்பிஜி: மிக்ஸர் கிட்டா, சீக்வென்ஷியலா?

கார்புரேட்டர் (காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் பாகம்) வைத்த பழைய பெட்ரோல் எஞ்சினை எல்பிஜிக்கு மாற்ற இரண்டு வழி உண்டு. கார்புரேட்டரின் வாயில் ஒரு மிக்ஸரைப் பொருத்தி, எஞ்சின் காற்றை இழுக்கும் வேகத்திலேயே கேஸையும் இழுக்க விடுவது ஒன்று. சிலிண்டருக்கு ஓர் இன்ஜெக்டர் வைத்து, ஈசியூ (எஞ்சினுக்கான சிறு கணினி) கணக்குப் போட்டு அளந்து விடும் சீக்வென்ஷியல் முறை இன்னொன்று. புதியதுதான் நல்லது என்ற பேச்சு பரவலாக இருந்தாலும், கார்புரேட்டர் எஞ்சின் என்றால் என் ஓட்டு மிக்ஸருக்குத்தான்.

இரண்டுக்கும் பொதுவானவற்றை முதலில் முடித்துவிடலாம். எல்பிஜியின் ஆக்டேன் எண் 100-க்கு மேல், அதனால் நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடித்து எழும் தட்டல்) தொல்லை குறையும். ஆனால் ஒரு லிட்டரில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலை விடக் குறைவு. அதே தூரத்துக்கு 20 முதல் 30 சதவீதம் கூடுதல் லிட்டர் ஆகும். டேங்கை 80 சதவீதத்துக்கு மேல் நிரப்ப முடியாது, டேங்கின் மேலுள்ள மல்டிவால்வ் தானாக அடைத்துவிடும். இந்த அடைப்பும் பாதுகாப்பும் இல்லாத சமையல் சிலிண்டரை வண்டியில் வைப்பது வெடிகுண்டோடு பயணம் செய்வது மாதிரி.

சீக்வென்ஷியல் கிட் தனியாகச் சிந்திக்காது. பெட்ரோல் இன்ஜெக்டர் எத்தனை மில்லிசெகண்ட் திறக்கிறது என்று பார்த்து, அதை வைத்துத்தான் கேஸ் இன்ஜெக்டரைத் திறக்கும். கார்புரேட்டர் எஞ்சினில் அந்த சிக்னலே கிடையாது. கிராங்க் சென்சார், மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) பிரஷர் சென்சார், தனியாக இயங்கும் ஈசியூ, மேனிஃபோல்டில் நான்கு துளை என்று வேலை வளரும். கேஸுக்காக எஞ்சினையே மாற்றியமைத்த கதையாகிவிடும். சிலிண்டருக்கு ஒரு பெட்ரோல் இன்ஜெக்டர் உள்ள எம்பிஎஃப்ஐ எஞ்சின் என்றால் விவாதமே இல்லை, சீக்வென்ஷியல்தான்; பிளாஸ்டிக் மேனிஃபோல்டு உள்ள வண்டியில் மிக்ஸர் போடவே கூடாது, ஒரு பேக்ஃபயரில் (கலவை மேனிஃபோல்டிலேயே வெடிப்பது) உடைந்துவிடும்.

இனி, முடிவைத் தீர்மானிக்கும் விஷயம்: பராமரிப்பு. மிக்ஸர் கிட்டில் தேய்வது, அடைவது எல்லாம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. முக்கியமான பாகம் வேப்பரைசர். ஹீட்டர் ஹோஸிலிருந்து வரும் வெந்நீரால் திரவ கேஸை ஆவியாக்குவது இதுதான். கேஸோடு வரும் கனமான எண்ணெய்ப் பிசுக்கு இதன் அடியில் தங்கும். மாதம் ஒருமுறை எஞ்சின் சூடாக இருக்கும்போதே, கேஸை மூடிவிட்டு, அடித் திருகைக் கழற்றி வடித்துவிட வேண்டும். ஆறினால் தார் மாதிரி கெட்டியாகி இறங்காது. உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வான டயஃப்ரம் வயதாகி விறைத்தால் ஐடிலிங் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது ஓடும் ஓட்டம்) தடுமாறும், கேஸ் குடிக்கும். டயஃப்ரம் கிட் வாங்கி மாற்றினால் சரியாகிவிடும். வேப்பரைசரின் மேல் பனி படிந்தால் அதற்குள் வெந்நீர் போகவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் ரேடியேட்டரின் மேல்மட்டத்தை விட உயரமாகப் பொருத்தி, காற்று அடைத்திருக்கும்.

டியூனிங்குக்கு ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, முதலில் வேப்பரைசர் திருகில் ஐடிலிங்கை நிலைப்படுத்துங்கள். பிறகு ஆக்ஸிலரேட்டரை அசைக்காமல் சுமார் 3000 ஆர்பிஎம்மில் நிறுத்தி, மிக்ஸருக்குப் போகும் ஹோஸில் உள்ள பவர் திருகை வேகம் விழும் வரை மூடுங்கள். அடுத்து, மறுபக்கம் விழும் வரை திறங்கள். இரண்டுக்கும் நடுவில், ஒரு மயிரிழை திறந்த பக்கமாக நிறுத்துங்கள். கடைசியில் ஐடிலிங்கை மறுபடி பார்க்க வேண்டும், ஒன்றைத் தொட்டால் மற்றது நகரும்.

சீக்வென்ஷியலில் இன்ஜெக்டர்கள் சமமாகத் தேயாது. ஒரு சிலிண்டருக்கு மட்டும் கேஸ் குறைந்தால் வண்டி லேசாக உதறும், அவ்வளவுதான். உள்ளே அந்தச் சிலிண்டரின் வால்வ் வெந்துகொண்டிருக்கும். கண்டுபிடிக்க லேப்டாப்பும், அந்தக் கிட்டுக்கே உரிய கேபிளும் மென்பொருளும் வேண்டும். கிட் தயாரிப்பு நின்றுபோனால் இவற்றைத் தேடி அலைய வேண்டும்.

மிக்ஸரின் பெரிய குறை பேக்ஃபயர். மேனிஃபோல்டு முழுக்க எரியத் தயாரான கலவை நிற்பதால், ஒரு பலவீனமான ஸ்பார்க் போதும், ஏர் ஃபில்டர் பெட்டி பிளந்துவிடும். இதற்குக் கிட்டைத் திட்டுவது நியாயமில்லை. பெரும்பாலும் குற்றவாளி இக்னிஷன்தான். கேஸ் கலவையைப் பற்றவைக்கப் பெட்ரோலை விட அதிக வோல்டேஜ் தேவை. பிளக் இடைவெளியை எஞ்சின் குறிப்பேட்டில் உள்ளதை விட 0.1 மி.மீ. குறையுங்கள், விரிசல் விட்ட பிளக் வயர்களைத் தயங்காமல் மாற்றுங்கள். இக்னிஷன் டைமிங்கை (ஸ்பார்க் விழும் நேரத்தை) 3 முதல் 5 டிகிரி முன்தள்ளினால் பிக்கப் தேறும். பெட்ரோலிலும் ஓட்டுவதாக இருந்தால், அதில் நாக்கிங் வராத அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மிக்ஸரின் குறுகிய தொண்டையால் பெட்ரோலில் ஓடும்போதும் கொஞ்சம் சக்தி போகும். ஓவர்டேக் செய்யும்போது அது தெரியும், மறைப்பதற்கில்லை.

மிக்ஸர் காரர்கள் மறக்கும் இன்னொன்று: கேஸிலேயே ஓட்டிக்கொண்டிருந்தால் கார்புரேட்டர் காய்ந்து, கேஸ்கெட் சுருங்கி, நீடில் ஒட்டிக்கொள்ளும். வாரம் ஒருமுறை சில கிலோமீட்டர் பெட்ரோலில் ஓட்டுங்கள். திரும்ப கேஸுக்கு மாற்றும்போது ஸ்விட்சை நடுநிலையில் வைத்து, கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் சேம்பர் காலியானதும் மாற்றுங்கள். இரண்டு எரிபொருளும் ஒன்றாகப் போனால் எஞ்சின் திணறி நின்றுவிடும்.

எந்தக் கிட் போட்டாலும் தப்பிக்க முடியாதது எக்ஸாஸ்ட் வால்வ் சீட் (புகை வெளியேறும் வால்வ் மூடும்போது உட்காரும் வளையம்). ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து எஞ்சின்களில் அந்த ஈயப் படிவுதான் சீட்டுக்கு மெத்தை. கேஸ் உலர்ந்தது, எதையும் படிய விடாது. சீட் தேய வால்வ் உள்ளே அமிழும், டேப்பட் கிளியரன்ஸ் (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் உள்ள இடைவெளி) சுருங்கும், ஒருநாள் வால்வ் முழுக்க மூடாமல் கருகும். முதல் 2000 கிலோமீட்டரில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து அளந்து எழுதிவையுங்கள், பிறகு 5000-க்கு ஒருமுறை. டேப்பட் சத்தம் போட்டால் பரவாயில்லை, சத்தமே அடங்கிப்போனால்தான் பயப்பட வேண்டும். இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பட் இந்தத் தேய்மானத்தைக் கடைசி வரை வெளியே காட்டாது. சொட்டுச் சொட்டாக விடும் வால்வ் லூப்ரிகன்ட் பலன் தருமா என்பதில் மெக்கானிக்குகளிடையே ஒத்த கருத்து இல்லை. நீண்டதூரம் அதிவேகத்தில் ஓட்டுபவர் அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

கிட்டுக்குப் பணம் கட்டும் முன் கம்ப்ரஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் சோதனை) எடுங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் தாழ்ந்து நின்றால், முதலில் எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டை இறக்குங்கள். இறக்கிய கையோடு கடினப்படுத்திய எக்ஸாஸ்ட் சீட் இன்சர்ட் போட்டுவிட்டு, அதன் பிறகு கேஸைப் பற்றி யோசிக்கலாம்.