பத்திரமா, வாய்ச்சொல்லா, வரி நோட்டா: நெல்லைச் சீமைக் குடும்ப மர்மக் கதைக்கு எந்த வழி?

குடும்ப ரகசியத்தை வைத்து மர்ம நாவல் எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ரகசியம் என்ன என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அது எந்த வழியாக வெளிவரும் என்பதைப் போகப்போகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். திருநெல்வேலிச் சீமையைக் களமாக எடுத்துக்கொண்டால் இந்த வரிசை கதையைக் கெடுத்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம். இங்கே ஒரே ரகசியம் சார்பதிவாளர் அலுவலகத்திலும் இருக்கும், ஆச்சியின் நெஞ்சிலும் இருக்கும், குலதெய்வமான சாஸ்தாவின் கோயில் வரி நோட்டிலும் இருக்கும். எந்தக் கதவை முதலில் திறக்கிறோம் என்பதைப் பொறுத்து மூன்று வெவ்வேறு நாவல்கள் பிறக்கும்.

ஒப்பிடுவதற்கு வசதியாக ஒரே கதைக்கருவை மூன்று வழியிலும் நடத்திப் பார்ப்போம். அம்பாசமுத்திரம் பக்கம் ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில், 1991ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஒரு பெரியவர் இறந்துபோகிறார். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த கையோடு மகன்கள் வாய்க்கால் பாசனத்து நஞ்சையை விற்க முன்பணம் வாங்கிவிடுகிறார்கள். பெரியவருக்கு இன்னொரு மனைவியும் அவள் வயிற்றில் ஒரு மகனும் உண்டு. இதைத் தேடிக் கண்டுபிடிப்பவள் மூத்த மகனுடைய மகள், பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கும் பெண்.

முதல் வழி பத்திரம். மர்மக் கதைக்கு வேண்டிய துப்புகள் இதில் ஏராளம். வயலுக்கு வில்லங்கச் சான்று போட்டால், முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய தான செட்டில்மெண்டு ஒன்று பட்டியலில் தலைகாட்டும். நகல் எடுத்துப் பார்த்தால், வீட்டில் யாரும் உச்சரித்திராத ஒரு பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில், அவள் இன்னாருடைய பாரியாள் (மனைவி) என்று தாத்தாவின் பெயர் எழுதப்பட்டிருக்கும். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தில் இதைவிடச் சுவையான ஒரு வசதியும் உண்டு. உயிலை முத்திரையிட்ட உறையில் வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்துவிடலாம். எழுதியவர் இறந்த பிறகு ஒருவர் விண்ணப்பித்தால்தான் அந்த உறை பிரிக்கப்பட்டு, உயில் பதிவேட்டில் ஏறும். பெரியவர் அப்படி ஓர் உறையை ஒப்படைத்திருக்கிறார் என்பதை மட்டும் வாசகருக்குச் சொல்லிவிட்டு, யார் போய் விண்ணப்பிக்கப்போகிறார்கள் என்பதை இருநூறு பக்கம் இழுக்கலாம்.

தேதிகளும் இந்த வழிக்குத் துணை நிற்கின்றன. சென்னை மாகாணத்தில் இந்துக்களிடையே ஒரு மனைவி இருக்க இன்னொருத்தியை மணப்பதைத் தடுக்கும் சட்டம் 1949இல் வந்தது. அதற்கு முன் நடந்த இரண்டாம் கல்யாணம் செல்லும். பின் நடந்தது செல்லாது. நெல்லைப் பகுதியில் பழைய கல்யாணப் பத்திரிகைகளும் கணக்குகளும் கொல்லம் ஆண்டில் எழுதப்பட்டன. கொல்லம் 1124 ஆவணி என்றால் அது 1948, சர்வதாரி வருஷம். 1125 ஆவணி என்றால் 1949, விரோதி வருஷம். பெண் கையில் கிடைக்கும் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையில் கடைசி எண்ணை மட்டும் செல் அரித்திருந்தால், ஒரே ஒரு எண்ணில் ஒரு பெண்மணி மனைவியா இல்லையா என்பதும், ஒரு மகன் வயலில் பங்கு கேட்க முடியுமா என்பதும் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த இரண்டாம் குடும்பம் செங்கோட்டைப் பக்கம் இருந்தால் சிக்கல் இன்னும் கூடும். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர் – கொச்சியைச் சேர்ந்தது, பழைய பதிவுகள் மலையாளத்தில் இருக்கக்கூடும் என்பதால் தேடிப் போகிறவளுக்குத் தமிழ் மட்டும் தெரிந்திருந்தால் போதாது. வீட்டுக்குள்ளேயும் சட்டம் பிளவை உண்டாக்கும். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் மகளுக்கும் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு வந்தது, ஆனால் அதற்கு முன் கல்யாணமாகிவிட்டவளுக்கு அந்தப் பங்கு அப்போது கிடைக்கவில்லை. ஆகவே மூத்த அத்தைக்கு ரகசியம் வெளிவந்தால் இழக்க இருப்பது குறைவு. கல்யாணமாகாத இளைய அத்தைக்கு அதிகம். யார் பேசுவார், யார் வாயைத் திறக்க மாட்டார் என்பதற்கு இப்படி ஒரு வலுவான காரணம் கற்பனையில் எளிதில் கிடைக்காது.

இவ்வளவு இருந்தும் பத்திர வழியை மட்டும் நம்பினால் கதை பாதியில் வறண்டுவிடும். துப்புத் துலக்குகிறவள் எழுத்தரோடும் பதிவேட்டோடும் தனியே உட்கார்ந்திருப்பாள், எதிரே முகம் இராது. பத்திரம் நடந்ததைச் சொல்லும், ஏன் நடந்தது என்பதைச் சொல்லாது. இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. சொத்துப் பத்திரங்கள் பதியப்படும் முதலாம் புத்தகத்தைக் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அப்படியிருக்க, இத்தனை ஆண்டுகளாக அந்தக் குடும்பத்தில் ஒருவர்கூடப் பார்க்கவில்லையா என்று கூர்மையான வாசகர் கேட்பார். பார்க்கத் தேவையில்லை, அவர்களுக்கு முன்பே தெரியும் என்பதே நேர்மையான பதில். அந்தப் பதிலை ஏற்றுக்கொண்ட கணத்தில் கதை வேறு திசைக்குத் திரும்பிவிடுகிறது: யாருக்கும் தெரியாத ரகசியம் என்ற நிலை போய், எல்லோருக்கும் தெரிந்து அவள் ஒருத்திக்கு மட்டும் தெரியாத ரகசியம் என்ற நிலை வருகிறது. நெல்லைச் சீமைக்கு உரிய திகில் இந்த இரண்டாவது நிலையில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

வாய்ச்சொல் வழி இந்த நிலைக்கு நெருக்கமானது. ஆனால் இதில் எழுதுகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் காரியம், சாகக் கிடக்கும் ஆச்சியைக் கடைசி அத்தியாயத்தில் பேசவைத்து எல்லா முடிச்சையும் அவிழ்ப்பது. எனக்குத் தெரிந்த ஆச்சிமார் யாரும் அப்படிப் பேசுகிறவர்கள் இல்லை. பேத்தி அந்தப் பெயரைச் சொன்னதும், "அதெல்லாம் இப்ப எதுக்குளா? போ, போய்ச் சோத்தத் தின்னு" என்று சொல்லிவிட்டு, அரிசியில் கல் பொறுக்கும் கையை மட்டும் சற்று வேகமாக ஓட்டுகிற ஆச்சிதான் உண்மையானவள். அந்தக் கையைப் பார்க்கத் தெரிந்த எழுத்தாளருக்கு வாய்மூலம் போதும்.

துஷ்டி வீட்டை, அதாவது சாவு வீட்டை, இந்த வழிக்காரர்கள் முழுதாகப் பயன்படுத்துவதில்லை என்பது என் குறை. இறந்தவரைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவரும் நீர்மாலைக்குப் போகும்போது யார் யார் தலைக்கு மேல் பிடிக்கும் வேட்டிப் பந்தலுக்குக் கீழே நடக்கலாம் என்பது ஊருக்குத் தெரிந்த கணக்கு. அந்த வரிசையில் முன்பின் தெரியாத நாற்பது வயது மனிதர் ஒருவர் குடத்தோடு வந்து நிற்கிறார். ஒருவரும் அவரை விலகச் சொல்லவில்லை, ஒருவரும் அவரிடம் பேசவுமில்லை. பேத்தி மட்டும் யார் என்று கேட்கிறாள், சித்தப்பா பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஒப்பாரியிலும் இதே வசதி உண்டு: நேராகச் சொன்னால் சண்டையாகும் சங்கதியை மாரடித்துக்கொண்டு பாட்டில் சொன்னால் யாரும் மறித்துக் கேட்பதில்லை. வாய்ச்சொல் வழியின் குறை, அது வேகத்தைக் கொடுக்காது என்பது. நம்பத் தகாத நாலு பேச்சுகளைக் கேட்ட பிறகு வாசகர் கெட்டியான ஒன்றைக் கையில் பிடிக்க விரும்புவார்.

மூன்றாவதான கோயில் வழியில்தான் அந்தக் கெட்டிப்பொருளும் ஊரின் மௌனமும் ஓரிடத்தில் சேருகின்றன. பங்குனி உத்திரத்தன்று இந்தச் சீமைக் குடும்பங்கள் எங்கே பிழைத்தாலும் தங்கள் சாஸ்தா கோயிலுக்கு வந்துசேரும். சாஸ்தா தகப்பன் வழியில் வருவது. ஒரே சாஸ்தாவை வணங்கி ஒரே வரியில் இருப்பவர்கள் சொக்காரர்கள். கோயில் செலவுக்குத் தலைக்கட்டு வரி பிரிப்பார்கள், அதை ஒரு நீள நோட்டில் எழுதி வைப்பார்கள். நம் கதையில் அந்த நோட்டை இப்படி வைத்துப் பார்க்கலாம். தாத்தா பெயருக்குக் கீழே ஒரு பெயர் எழுதப்பட்டு, நீல மையால் அடிக்கப்பட்டிருக்கிறது. அடித்த பிறகும் ஆண்டுதோறும் அந்தப் பெயருக்கு நேரே பணம் வரவாகியிருக்கிறது. பெயர் வேண்டாம் என்று முடிவு செய்த சொக்காரர்கள், பணத்தைத் திருப்பிக் கொடுக்கத் துணியவில்லை. வரியை வாங்கிவிட்டால் அந்த ஆளைச் சொக்காரன் இல்லை என்று ஒருவரும் சொல்ல முடியாது.

பத்திரத்தில் பொய் ஒருவர் ஒருமுறை எழுதுவது. வரி நோட்டில் அது ஆண்டுதோறும் ஒரு கூட்டமே சேர்ந்து புதுப்பிப்பது. அதனால் நோட்டைத் திறக்கும் பெண்ணுக்கு எதிரே ஒரு குற்றவாளி நிற்பதில்லை, அவள் சின்ன வயதிலிருந்து சித்தப்பா என்றும் அண்ணாச்சி என்றும் அழைத்த அத்தனை பேரும் நிற்கிறார்கள். சஸ்பென்ஸ் என்று எதைச் சொல்கிறோமோ அது இதைவிட நெருக்கமாக வர வழியில்லை.

இந்த வழியிலும் ஒரு குறுக்குச் சந்து இருக்கிறது. அதில் நுழையக் கூடாது. கோயில் கொடை விழாவில் சாமியாடி அருள் வந்து உண்மையைச் சொல்லிவிடுவதாக எழுதினால் துப்புத் துலக்கியவளின் உழைப்பு வீணாகும். அதற்குப் பதில் வில்லுப்பாட்டைக் கவனிக்கலாம். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் தெய்வமாக நிற்கும் முத்துப்பட்டன், பிராமணனாகப் பிறந்து சக்கிலியர் வீட்டுப் பெண்கள் இருவரை மணந்தவன். அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணக் குழந்தைகள், காட்டில் கைவிடப்பட்டு வளர்க்கப்பட்டவர்கள் என்று சொல்லும் பாடமும் உண்டு. அது பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட மாற்றம் என்று ஆய்வாளர் நா. வானமாமலை எடுத்துக்காட்டினார். சாமி கதையிலேயே ஒரு பிறப்பு ரகசியத்தைப் பாடுகிறவர்கள் மாற்றிவைக்க முடிந்த மண்ணில், தாத்தாவின் கதை யார் யார் வாயில் எப்படி மாறியது என்று தேடுவதற்கு இடம் மிகுதி.

இந்த மூன்றைத் தவிர வேறு வழிகளும் உண்டு. கொழும்புக் கடை வைத்திருந்த தாத்தாவுக்கு இலங்கையில் குடும்பம் என்ற கிளை நல்லதுதான், ஆனால் அது கதையைக் கடல் கடத்தி ஊரின் மௌனத்தைக் கலைத்துவிடும். தேவாலய ஞானஸ்நானப் பதிவேடு பத்திர வழியின் தம்பி, அதே பலம், அதே பலவீனம். மரபணுச் சோதனையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 1991இல் அது கிராமத்துக்கு எட்டாத பொருள், இன்றைய கதையிலும் அது சந்தேகத்தை ஒரே தாளில் முடித்துவிடும்.

ஆகவே என் தேர்வு வரி நோட்டைத் தண்டுவடமாக வைப்பது. கல்யாணப் பத்திரிகையும் முத்திரையிட்ட உறையும் நடுப்பகுதிக்குப் போதும். காலமும் இதற்குப் பொருந்தி வருகிறது. தை மாதம் போட்ட கிரய ஒப்பந்தத்துக்கு ஆடி முடிய கெடு வைத்து, பங்குனி உத்திரத்தில் அந்தப் பெண் நோட்டைப் பார்ப்பதாகத் தொடங்கினால், ஆடிக் கொடைக்குள் அடிக்கப்பட்ட பெயருக்கு உரியவரைத் தேடிக் கொண்டுவர அவளுக்கு ஏறக்குறைய நான்கு மாதம் இருக்கும். அவர் வந்து கோயில் வாசலில் நின்று, இந்த ஆண்டு வரியை என் பெயர் எழுதி வாங்குங்கள் என்று கேட்கும்போது, நோட்டு யார் கையில் இருக்கிறது என்பதை எழுத்தாளர் முதல் அத்தியாயத்தை எழுதுவதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால் அதை அவளுடைய அப்பாவின் கையில் கொடுப்பேன்.