அப்பாவின் ஸ்டீரியோவுக்காக மூன்று பேரைப் பார்த்த கதை

இந்த முறை பதினைந்து நாள் லீவில் திருச்சி போனபோது கையில் நான்கு வேலை இருந்தது: பல் டாக்டர், ஆதாரில் முகவரி மாற்றுவது, வீட்டு வரி, அப்பாவின் ஸ்டீரியோ. முதல் மூன்றும் நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்துவிட்டன. வீட்டு வரியைச் சோபாவில் உட்கார்ந்தபடியே போனில் கட்டியாயிற்று. ஸ்டீரியோதான் ஐந்து நாளைத் தின்றது.

அது 1980களில் அப்பா சவுதியில், தம்மாமில் வேலை பார்த்தபோது வாங்கியது. ஜப்பான் செட். முன்பக்கம் அலுமினியம், ரேடியோ டயலுக்குப் பின்னால் மஞ்சள் வெளிச்சம், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஸ்பீக்கர். சவுதி வீடுகளில் அப்போது 127 வோல்ட். நம் ஊர் 230. செட்டின் பின்னால் வோல்டேஜை மாற்ற ஒரு சின்னத் திருகு இருக்கும். அதை மாற்ற மறந்து, ஊர் வந்த அன்றே பிளக்கைச் சொருகிப் புகை பார்த்தவர்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர். அப்பா மறக்கவில்லை. 240இல் திருப்பிவைத்து, யாரும் கை வைக்கக் கூடாதென்று மேலே ஒரு பிளாஸ்திரியும் ஒட்டினார். அந்தப் பிளாஸ்திரி இன்னும் இருக்கிறது.

இப்போது என்ன கோளாறு என்றால், சுவிட்ச் போட்டால் விளக்கு எரிகிறது, ஸ்டேஷன் பிடித்தால் மீட்டரில் முள் ஆடுகிறது, சத்தம் மட்டும் இல்லை. வால்யூமை முழுக்கத் திருப்பினாலும் ஒரு இரைச்சல்கூடக் கிடையாது.

முதலில் போனில் ஆப் வழியாக ஆள் கூப்பிட்டேன். சொன்ன நேரத்துக்குச் சட்டை இன் செய்து, கழுத்தில் அட்டையோடு ஒரு தம்பி வந்தார். செட்டைப் பார்த்ததுமே, "மேடம், இது ஹோம் தியேட்டரா?" என்றார். டிவி, ஃபிரிட்ஜ், ஏசி மூன்றுக்கும்தான் அவருக்குப் பயிற்சி. திறந்துகூடப் பார்க்கவில்லை. "இதுக்கெல்லாம் போர்டு வராது மேடம், ஒரு சவுண்ட்பார் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு, வந்ததற்கு 299 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொன்னாரே.

கோபம் இரண்டாவது இடத்தின் மேல்தான். பெரிய கடை, கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி. ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். பத்துக் கிலோவுக்குக் குறையாது, கால் மரத்துவிட்டது. கவுண்டரில் இருந்தவர் பிளக்கைச் சொருகினார், பத்து விநாடி பார்த்தார், "அவுட்புட் ஐசி போயிடுச்சு. 4,800 ஆகும், பாதி அட்வான்ஸ்" என்றார். ஸ்பீக்கருக்குப் போகிற சத்தத்தைப் பெருக்கும் சிப்பைச் சொல்கிறார். மூடியைக் கழற்றாமல் எப்படித் தெரியும் என்று கேட்டேன். "இந்த மாதிரி செட்டெல்லாம் அதுதான் போகும்" என்றார். அப்புறம், "வீட்டில ஜென்ட்ஸ் யாரும் வரலையா?" என்று ஒரு கேள்வி. செட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

சிங்கப்பூரில் ரிப்பேர் கோப்பித்தியாம் என்று ஒன்று உண்டு. பழுதான பொருளைக் கொண்டுபோனால் தொண்டர்கள் உதவுவார்கள், ஆனால் ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டியது நாம்தான். அங்கே ஒருமுறை டேபிள் ஃபேன் கொண்டுபோனபோது கற்றுக்கொண்டது ஒரே பாடம்: திறப்பதற்கு முன் வெளியே இருப்பதையெல்லாம் பார்த்துவிட வேண்டும். அதை நான் வீட்டில் செய்யவே இல்லை.

மூன்றாவது இடத்தைக் காட்டியது ஆட்டோக்காரர். சிங்காரத்தோப்புப் பக்கம் ஒரு சந்து, ஆறடிக்கு எட்டடிக் கடை, வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. உள்ளே எழுபது வயது மதிக்கத்தக்க பாய் ஒருவர், நெற்றியில் தூக்கிவிட்ட கண்ணாடியோடு. செட்டை மேசையில் வைத்ததும் முன்பக்கத்தைத் துணியால் துடைத்தார். பிளக்கை நேராகச் சொருகவில்லை. நூறு வாட் குண்டு பல்பு மாட்டிய சீரிஸ் போர்டில் சொருகினார்; கரண்ட் அந்தப் பல்பு வழியாகத்தான் செட்டுக்குப் போகும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரியும், செட்டுக்குச் சேதம் வராது. பல்பு ஒரு நொடி மின்னி, மங்கியது. பாய் விரலை உயர்த்தி என்னைப் பேசாமலிருக்கச் சொன்னார். ஐந்தாறு விநாடி கழித்து உள்ளேயிருந்து 'டக்' என்று ஒரு சத்தம்.

"கேட்டுச்சாம்மா? ரிலே. தானா போடுற சுவிட்ச். அவுட்புட்ல கோளாறு இருந்தா இது போடாது. ஸ்பீக்கர் எரியக் கூடாதுன்னு காவலுக்கு வச்சிருக்கான். இது போடுதுன்னா அவுட்புட் நல்லாத்தான் இருக்கு."

4,800 ரூபாய் ஐசி அந்த ஒரு 'டக்'கில் ஒழிந்தது. (பிறகு மூடியைத் திறந்தபோது காட்டினார்: அந்த செட்டின் அவுட்புட்டில் ஐசியே கிடையாது. தொப்பி மாதிரி நான்கு உலோக டிரான்சிஸ்டர்கள்.)

அப்புறம் முன்பக்கத்தில் ஒரு பட்டனைத் தட்டினார். டேப் மானிட்டர். உள்ளே அமுங்கியிருந்தது. கேசட் டெக் இணைத்திருந்த காலத்தில், பதிவாவதைக் கேட்பதற்காக வைத்த பட்டன் அது. அமுக்கினால் செட் ரேடியோவை விட்டுவிட்டு டெக்கிலிருந்து வருவதை மட்டும்தான் ஸ்பீக்கருக்கு அனுப்பும். எங்கள் டெக் பழைய இரும்புக் கடைக்குப் போய்ப் பல வருடமாயிற்று. தூசு தட்டும்போது யார் கையோ பட்டிருக்கிறது. பட்டனை வெளியே விட்டதும் வலது ஸ்பீக்கரில் கணீரென்று ரேடியோ பாடியது. எனக்கு முகம் சூடாகிவிட்டது. பாய் சிரிக்கவில்லை. "பாதிப் பேர் இதுக்குத்தான் வருவாங்க" என்றார்.

இடது பக்கம்தான் மிச்சம். கொஞ்ச சத்தத்தில் ஒன்றுமே இல்லை; கூட்டினால் பட்டென்று உயிர் வரும், குறைத்தால் கரகரத்துப் போய்விடும். செட்டை அணைத்து மூடியைத் திறந்தார். உள்ளே முதலில் கண்ணில் பட்டது பல்லி முட்டை ஓடுகள், நான்கைந்து. பெரிய கண்டென்சர் இரண்டிலும் தேங்கிய கரண்டை ஹோல்டரில் மாட்டிய ஒரு பல்பு வழியாக இறக்கிவிட்டுத்தான் கை வைத்தார். ரிலேயின் பிளாஸ்டிக் கூட்டை எடுத்து என்னிடம் லென்ஸ் கொடுத்தார். இரண்டு ஜோடி முனைகளில் ஒன்று வெள்ளியாக, மற்றது, இடது ஸ்பீக்கருக்கானது, கரி பிடித்துக் கறுத்து. சின்ன சத்தத்துக்கு உள்ள மின்சாரம் அந்தக் கரியைத் தாண்டாது, பெரிய சத்தம் தாண்டிவிடும். அவ்வளவுதான் விஷயம். பேப்பர் சொருகிச் சுத்தம் செய்யலாம், ஆனால் ஒரு வருடம்தான் தாங்கும், புதிதாகவே போடுவோம் என்றார். அதோடு வால்யூமுக்கும் ஸ்பீக்கர் சுவிட்சுக்கும் கான்டாக்ட் கிளீனர் அடித்து முப்பது தடவை திருப்ப வேண்டும்.

"சாயங்காலம் வாங்க" என்றார். சாயங்காலம் போனால் 24 வோல்ட் ரிலே சென்னையிலிருந்து வர வேண்டுமாம். மறுநாள் போனால் கடை பூட்டு. வெள்ளிக்கிழமை என்பது எனக்கு உறைக்கவில்லை. அதற்கு மறுநாள் கரண்ட் இல்லை. போன் செய்தால் எடுக்கவும் மாட்டார். வேலையில் குறை சொல்ல முடியாத மனிதர், தேதியில் மட்டும் நம்ப முடியாது. லீவில் போகிறவர்கள் இந்த மாதிரி வேலையை முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.

ஐந்தாம் நாள் தயார். பாட்டில்லாதபோது ஸ்பீக்கர் முனைகளுக்குக் கசியும் டிசியை மீட்டர் வைத்துக் காட்டினார்: ஒரு பக்கம் 18 மில்லிவோல்ட், இன்னொரு பக்கம் 25. ஐம்பதுக்குள் இருந்தால் பயமில்லையாம். மொத்தம் 950 ரூபாய், ரிலே 150 போக மிச்சம் கூலி. ஆயிரம் கொடுத்தேன், ஐம்பதைத் தேடி எடுத்துத் திருப்பித் தந்தார். கழற்றிய ரிலேயையும் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்தார்.

அன்று மாலை அப்பா மீடியம் வேவில் 936ஐப் பிடித்தார், திருச்சி வானொலி. ஒரே கரகரப்பு. பதறிப்போய் பாய்க்குப் போன் செய்யப் போனேன். அப்பா எழுந்துபோய்க் கூடத்து எல்இடி விளக்கை அணைத்தார்; சத்தம் தெளிந்தது. பிறகு இருட்டிலேயே உட்கார்ந்து கேட்டோம். அம்மாதான் அடுப்படியிலிருந்து, விளக்கு வைக்கிற நேரத்தில் இதென்ன கூத்து என்று சத்தம் போட்டாள்.

லீவு முடிந்து திரும்பக் கிளம்புகிற அன்று காலை செட்டைப் பார்த்தேன். டேப் மானிட்டர் பட்டனைச் சுற்றிப் புதிதாக ஒரு பிளாஸ்திரி.