சீக்கிரம் வருவதா, சொன்னபடி வருவதா?

ஆன்லைனில் ஆர்டர் போடும்போது பணம் கட்டுவதற்கு முன் ஒரு கேள்வி வரும்: எப்படி டெலிவரி வேண்டும்? அன்றைக்கோ மறுநாளோ வந்துவிடும் அவசர டெலிவரி, நாமே நாளும் நேரமும் குறித்துக் கொடுப்பது, பார்சலை வைத்துப் பூட்டிவிட்டுப் போகும் பொதுப் பெட்டியான லாக்கரில் நாமே போய் எடுத்துக்கொள்வது என மூன்று வழிகள். எது நல்ல சேவை என்று கேட்டால் வேகத்தைச் சொல்பவர்கள் நிறைய. நான் நேரம் குறிப்பதன் பக்கம்.

2005-இல் அமேசான் அமெரிக்காவில் பிரைம் என்ற சந்தாத் திட்டத்தைத் தொடங்கியபோது முன்வைத்தது இரண்டு நாள் டெலிவரியை. இன்றோ மணிக்கணக்கில் போட்டி. ஆனால் வேகத்தைச் சொல்லச் சொல்ல நம் எதிர்பார்ப்பும் ஏறுகிறது. எதிர்பார்த்ததோடு கிடைத்ததை ஒப்பிட்டுத்தான் மனம் திருப்தி அடைகிறது என்று வாடிக்கையாளர் திருப்தியை ஆராய்ந்த ரிச்சர்ட் ஆலிவர் 1980-இலேயே விளக்கினார். ‘நாளை வரும்’ என்று சொல்லி ஒரு நாள் தள்ளி இரண்டாம் நாள் வந்த பார்சல் எரிச்சலைத் தருகிறது. ‘நான்கு நாளாகும்’ என்று சொல்லி மூன்றாம் நாளே வந்தது மகிழ்ச்சியைத் தருகிறது. முதல் பார்சல்தான் சீக்கிரம் வந்தது!

சேவைத் தரத்தை அளக்க பரசுராமன், ஜைத்தம்ல், பெர்ரி என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1988-இல் ‘சர்வ்குவால்’ என்ற அளவுகோலை வெளியிட்டார்கள். அதிலுள்ள ஐந்து கூறுகளில் வாடிக்கையாளர் மிகுதியாக மதித்தது நம்பகத்தன்மையை, அதாவது சொன்னதைச் செய்வதை. நேரம் குறித்த டெலிவரி இதைத்தான் தருகிறது. ‘டெலிவரிக்குக் கிளம்பிவிட்டது’ என்ற ஒரு செய்தியை நம்பிக் காலையிலிருந்து வாசலுக்குக் காது கொடுத்துக்கொண்டே இருந்த நாட்கள் எனக்குண்டு. குளிக்கப் போகவும் தயக்கம். முடிவு தெரியாத காத்திருப்பு நீண்டதாகவே தோன்றும். மூன்றிலிருந்து ஐந்து மணிக்குள் என்று தெரிந்தால் மற்ற நேரமெல்லாம் நம்முடையது. ஆனால் காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை என்று போட்டால் அது நேரம் குறித்ததாகவே ஆகாது.

லாக்கரில் காத்திருப்பே இல்லை. நாள் முழுக்க வீட்டில் இருந்தும் ‘வாடிக்கையாளர் வீட்டில் இல்லை’ என்று எனக்குக் குறுஞ்செய்தி வந்ததுண்டு. லாக்கரில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் பெரிய பொருள் அதில் அடங்காது, முதியவர்கள் தூக்கி வருவதும் சிரமம். பெட்டி நசுங்கியிருந்தால் காட்டுவதற்கு எதிரே ஆளும் இருக்கமாட்டார்.

ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். தாமதத்துக்கு நாம் குறைக்கும் நட்சத்திரம் டெலிவரி ஊழியர் தலையில் விழுகிறது. நாளையே வரும் என்று வாக்குக் கொடுத்தது அவரில்லை, செயலி. வேக டெலிவரியில் இந்த அநியாயம் அதிகம் நடக்கிறது, நான் அதை ஒதுக்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பகலில் வீட்டில் ஆளில்லாதவர்கள் லாக்கரையே தேர்ந்தெடுக்கலாம். மருந்து தீர்ந்துபோன நாளில் மட்டும் நானும் அவசர டெலிவரியைத்தான் அழுத்துவேன்.